பூ விழுந்த பக்கம்

நாணயச் சாலையிலிருந்து வந்த ஓவியரை
மூன்று நாளும் என் லோடு ஆட்டோவில்தான் ஏற்றித் திரிந்தேன்.

முதல் நாள் ஒத்தக்கடை.
தும்பிக்கையைத் தரையில் போட்டு
மதுரையைப் பார்த்துப் படுத்திருக்கிற அதே யானை.
லாரி ஷெட்டுக்கு மேலே, உரக்கடைப் பலகைக்கு மேலே,
தக்காளிக் கூடைக்காரன் வாய் கொப்பளிக்கிற சந்திலிருந்தும்
தப்பாமல் யானை.

மஜும்தாரின் பையில் ஒரு பித்தளை வளையம்,
இருபத்தேழு மில்லிமீட்டர்.
ஒரு கண்ணை மூடி அதை நீட்டிப் பிடிப்பார்.
மலை உள்ளே அடங்கும்வரை பின்னால் நடப்பார்.
நாலு வழிச் சாலையில் பின்னால் நடக்கிற மனுசனை
மேலூர் பஸ்காரன் என்னென்ன சொன்னான் என்பதை
நான் அவருக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்
சமணர் படுக்கை வரை ஏறினோம்.
யானைமேல் நின்றால் யானை இல்லை.
சுடுகிற பாறை, ஒரு குரங்கு,
யாரோ குடித்து உடைத்த சில்லு.
இரண்டாயிரம் வருசம் முன்னே
யாரோ முதுகு சாய்த்த வழவழப்பில்
அவரும் கொஞ்ச நேரம் படுத்தார்.
வரையவில்லை.

மூன்றாம் நாள் நானாகத்தான் வண்டியைத் திருப்பினேன்,
மலையைச் சுற்றிக் கிழக்கே.
கண்மாய்க் கரையில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற வெள்ளைத்தாய்க்கு
இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.
"யானை எங்கே?" என்று கையால் கேட்டார்.
"அது அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு.
எங்களுக்கு நாலு மணிக்கே நிழல் விழுந்துரும்,
அவ்வளவுதான்."
வளையத்தை நீட்டிப் பார்த்தார்.
ஒரு சரிவு. பாதி வானம். காய்கிற ஒரு பச்சைச் சேலை.
நோட்டை மூடிவிட்டு
மூன்று பிஞ்சு தின்றார், உப்பு கூடுதலாக.

பிறகு ஒன்றேகால் வருசம்.

டீசல் போட்ட இடத்தில் மீதிச் சில்லறையாக வந்தது:
மஞ்சள் விளிம்பு, நடுவே வெள்ளை,
வெள்ளைக்குள் யானை.
மழைத் தண்ணீர் வடிந்த கறுப்புக் கோடுகளைக் காணோம்.
லாரி ஷெட் இல்லை.
நெற்றியில் ஒரு சின்னப் பள்ளம் உண்டே, அதை விடவில்லை மனுசன்.
புரட்டினால் பூப்பக்கம்,
பெரிய பத்து.

மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்து
நாலாம் நாள் தும்பிக்கை முனைக்கு நேர் கீழே
டீக்கடையில் நீட்டினேன்.
"பத்து ரூவாக் காசு செல்லாதுண்ணே."
"டேய் செங்குட்டு, இதுல இருக்கறது என்னன்னு பாரு.
நிமிர்ந்து அதையும் பாரு."
பார்த்தான். இரண்டையும்
நிதானமாகவே பார்த்தான்.
"அது செல்லும். இது செல்லாது."

கண்டக்டர் வாங்கவில்லை.
பஞ்சர்க்காரர் ஆணிகளோடு சேர்த்துத் தள்ளி வைத்துவிட்டு
நான் கிளம்பும்போது மறக்காமல் திருப்பித் தந்தார்.
கோயில் உண்டியலில் போடலாம் என்றார்கள்.
சாமிக்கு மட்டும் எங்கே செல்லப்போகிறது?

சாயங்காலம் கிழக்கே போனேன்.
நிழல் வந்து
கண்மாயில் பாதியைக் கடந்திருந்தது.
வெள்ளைத்தாய் காசைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை,
கட்டைவிரலுக்குக் கொண்டுபோனாள்.
யானையைத் தடவினாள், ஒன்றும் சொல்லவில்லை.
புரட்டினாள்.
ஒன்று. சுழி.
"பத்து" என்றாள்.
"இதுல மலை இருக்கு" என்றேன்.
"எந்தப் பக்கத்து மலை?"

பதிலுக்குக் காத்திராமல்
ஆறு பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிவிட்டு
இரண்டு ரூபாய் மீதி தந்தாள்,
ஈரமாக.